சரியான நகர்வைத் தவறு என்று சொன்ன புதிர்: பிள்ளைகளிடம் கருத்து வாங்குவது எப்படி?

சனிக்கிழமை வகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். வாரக்கடைசியில் ஒரு மாடி அறையில் இருபது பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லோரும் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். வகுப்பில் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அதனால் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக என் அக்கா மகன் ஒரு சின்ன இணையப்பக்கம் செய்துகொடுத்தான். நூற்றைம்பது புதிர்கள். பாதி லீசெஸ் என்ற செஸ் இணையதளம் பொதுவில் வைத்திருக்கிற தொகுப்பிலிருந்து எடுத்தவை, மீதி நானே போர்டில் காய் அடுக்கிச் செய்தவை. ஒவ்வொரு புதிருக்கும் கீழே கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே என்று இரண்டு பொத்தான்கள். கீழ்விரல் நிறைய விழுந்தால் அந்தப் புதிரைத் தூக்கிவிடுவேன். ஆறு மாதமாக இப்படித்தான் ஓடியது.

போன சனிக்கிழமை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, "சார், முப்பத்தேழாவது புதிர் தப்பு" என்றாள். காயை அவளே அடுக்கிக் காட்டினாள். நீங்களும் அடுக்கிப் பாருங்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை).

வெள்ளை: ராஜா ஜி1, ராணி ஏ4, யானை இ1, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி பி2, யானை டி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. வெள்ளை ஆட வேண்டும், இரண்டு நகர்வில் மேட்.

நான் எழுதி வைத்திருந்த விடை: யானை இ8-க்குப் போய்ச் செக், கறுப்பு யானை வெட்டும், ராணி வெட்டினால் மேட். அவள் முதலில் ராணியையே இ8-க்கு அனுப்பியிருக்கிறாள். கறுப்பு யானை ராணியை வெட்டும், வெள்ளை யானை வெட்டினால் மேட். இரண்டும் சரி! ஆனால் பக்கம் அவளுக்குச் சிவப்பில் "தவறு" என்று காட்டியிருக்கிறது. மூன்று நாள் அதை யோசித்திருக்கிறாள், தன் கணக்கில் எங்கே ஓட்டை என்று.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அந்தப் புதிருக்கு ஏற்கெனவே நிறைய கீழ்விரல் விழுந்திருந்தது. கஷ்டமாக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். எடுத்திருந்தால் என்ன பிழை என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும், அவளுக்கும் தன் விடை சரி என்று தெரிந்திருக்காது. கீழ்விரல் ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் சொன்னது, எது சரியில்லை என்று சொல்லவில்லை. வேறு எப்படிக் கேட்பது? இங்கே புதிர்களோடு புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்.


இரண்டாவது வரி:

சார், அந்தப் பெண்ணைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கக் கூடாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினைத் திறந்து இரண்டு வரிகள், அதாவது சிறந்த இரண்டு நகர்வுத் தொடர்கள், காட்டு என்று வைத்திருந்தால், முதல் வரியில் இரண்டு நகர்வில் மேட், இரண்டாவது வரியிலும் இரண்டு நகர்வில் மேட் என்று ஒரு நொடியில் வந்திருக்கும். இரண்டாவது வரியும் ஜெயிக்கிறது என்றால் அது புதிரே இல்லை.

லீசெஸ் தொகுப்பில் கடைப்பிடிப்பது இதைத்தான். ஆட்டங்களில் வந்த நிலைகளை இன்ஜின் மறுபடி அலசுகிறது, ஒரு நிலைக்கு நான்கு கோடிக் கணுக்கள் வரை, அதாவது அதிலிருந்து கிளைக்கும் அத்தனை நிலைகளை எட்டிப் பார்த்து. விடையில் நம் பக்கத்து நகர்வு ஒவ்வொன்றும் ஒரே நகர்வாக இருக்க வேண்டும், வேறு எதை ஆடினாலும் நிலைமை கணிசமாக மோசமாக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, ஒரு நகர்வில் மேட் என்றால் எந்த மேட்டையும் ஏற்றுக்கொள்ளும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வித்தியாசத்தைச் சிப்பாய்க் கணக்கில் (எத்தனை சிப்பாய் அளவு முன்னிலை என்று) பார்க்காமல் வெற்றி வாய்ப்பாக மாற்றிப் பார்க்கிறார்கள். கூட்டல் ஒன்பதும் கூட்டல் ஐந்தும் சிப்பாய்க் கணக்கில் நான்கு வித்தியாசம், ஆனால் ஆட்டத்தில் இரண்டுமே வெற்றிதான், அப்படிப்பட்ட நிலையில் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்பது அநியாயம்.

மெஷின் சொல்லக்கூடியதைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். நீங்களே செய்த எழுபத்தைந்தையும் முதலில் இன்ஜினில் போட்டு எடுங்கள்.


கறுப்புக் குதிரை:

கீழ்விரல் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். தினமும் புதிர் போடுகிறவன் நான். நான் கீழ்விரல் அழுத்துவது பெரும்பாலும் தோற்ற அடுத்த நொடியில்தான். புதிர் நல்லதா கெட்டதா என்றெல்லாம் அப்போது யோசிப்பதே இல்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான்கு நகர்வு சரியாகப் போட்டு ஐந்தாவதில் கை நழுவினால் எனக்கு அந்தப் புதிரே பிடிக்காது. மறுநாள் காலையில் அதே புதிரைப் பார்த்தால், எவ்வளவு அழகு என்று தோன்றும். அப்போது போய் ஓட்டை மாற்றுவேனா என்றால் மாட்டேன்.

லீசெஸில் இதற்காகவே ஓட்டுக்கு எடை போடுகிறார்கள். புதிரைச் சரியாக முடித்தவர் போட்ட ஓட்டா, ஓட்டுப் போட்டவரின் புதிர் ரேட்டிங் (திறமையைக் காட்டும் எண்) அந்தப் புதிரின் ரேட்டிங்கோடு ஒப்பிட்டால் எங்கே இருக்கிறது என்றெல்லாம் பார்த்து எடை கூடும், குறையும். அப்படிக் கூட்டிக் கழித்துத்தான் மைனஸ் 100-லிருந்து பிளஸ் 100 வரைக்கும் ஒரு எண் வருகிறது. உங்கள் பக்கத்தில் ஒரு கீழ்விரலுக்கும் இன்னொரு கீழ்விரலுக்கும் ஒரே மதிப்பு. முதலில் தோற்றவன் ஓட்டையும் முடித்தவன் ஓட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.


அட்டவணை:

அந்தத் தொகுப்பை நான் வேலைக்காக இல்லாமல் ஆசைக்காக இறக்கி வைத்திருக்கிறேன். 40 லட்சத்துக்கும் மேல் புதிர்கள், உரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் பொதுவுடைமையாக விட்டிருக்கிறார்கள், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு ஒரு புதிர்: காய் நிலை, நகர்வுகள், ரேட்டிங், அந்த ரேட்டிங்கில் எவ்வளவு தடுமாற்றம், பிடித்தம், எத்தனை பேர் ஆடினார்கள், கருப்பொருள்கள், எந்த ஆட்டத்திலிருந்து வந்தது, ஓப்பனிங்.

வகுப்பு சார், ஒன்று கேட்கிறேன். நீங்கள் எடுத்த எழுபத்தைந்தில், "யாருடைய ஆட்டம் என்றே புரியவில்லை" என்று பிள்ளைகள் சொன்னது உண்டா? ஏனென்றால் அந்தத் தொகுப்பில் கொடுத்திருக்கிற காய் நிலை, எதிராளி தவறு செய்வதற்கு முந்தைய நிலை. முதல் நகர்வு எதிராளியுடையது, அதை ஆடிக் காட்டிய பிறகுதான் புதிரே தொடங்கும், இரண்டாவது நகர்விலிருந்துதான் விடை. இதைக் கவனிக்காமல் அப்படியே ஏற்றினால் எல்லாப் புதிரும் ஒரு நகர்வு முன்னாடியே நிற்கும்.


சனிக்கிழமை வகுப்பு:

அட்டவணை தம்பி, இப்போதுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அதேதான். லீசெஸிலிருந்து எடுத்தவற்றில் முப்பதுக்கும் மேல் அப்படி நிற்கின்றன. ஒரு பையன் நான்கு வாரமாக "சார், கறுப்புக்கு எதுவுமே கிடைக்கலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், நன்றாகப் பார்க்கச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவனிடம் நாளைக்கு முதல் வேலையாகச் சொல்ல வேண்டும், நீ பார்த்தது சரி, புதிர்தான் தப்பு என்று. மிக்க நன்றி.


பழைய பத்தி:

வாசகர் சொல்லிப் புதிர் திருந்துவது இணையம் வந்த பிறகு தொடங்கியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற புதிரே அப்படித்தான் பிறந்தது.

1895-ல் கிளாஸ்கோவில் ஒரு வாரப் பத்திரிகையில் பார்பியே என்பவர் செஸ் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நிலையைக் கொடுத்து, கறுப்பு இதை டிரா செய்துவிடும் என்று காட்டினார். இன்று நமக்குப் பழக்கமான வடிவத்தில் சொல்கிறேன்: வெள்ளை ராஜா பி6, வெள்ளைச் சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ1, கறுப்பு யானை டி5. வெள்ளை ஆட்டம். நான்கே காய்கள். சிப்பாய் சி7-க்குப் போகும், யானை டி6-லிருந்து செக் கொடுக்கும், ராஜா பி5, பி4, பி3 என்று ஒவ்வொரு படியாக இறங்கும், யானை பின்னாலேயே செக் கொடுத்துக்கொண்டு வரும், கடைசியில் ராஜா சி2. அப்போது கறுப்பு யானை டி4-க்குப் போகும். வெள்ளை ராணி எடுத்தால் யானை சி4-ல் செக், ராணி அதை வெட்டியே ஆக வேண்டும், வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். அருமையான டிரா.

அந்த ஊரில் இருந்த சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் இதைப் படித்துவிட்டு, ராணி எதற்கு, யானை எடுங்கள் என்றார். சி8-ல் யானை! இப்போது சி4 செக்கை யானை வெட்டினால் ஸ்டேல்மேட் இல்லை, ஏ2 காலியாக இருக்கிறது. ஏ8-ல் மேட் என்று வெள்ளை மிரட்டுகிறது, அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு வந்தே ஆக வேண்டும், வெள்ளை ராஜா பி3-க்கு வந்தால் ஒரே நேரத்தில் யானைக்கும் குறி, சி1-ல் மேட்டுக்கும் குறி. முடிந்தது. டிரா என்று அச்சான நிலை, வெள்ளை ஜெயிக்கும் புதிராக மாறியது.

சாவேத்ரா பெரிய ஆட்டக்காரர் இல்லை. இந்த ஒரு நகர்வுக்காகத்தான் நூற்றிருபது வருடத்துக்கும் மேல் அவர் பெயர் நிற்கிறது. அந்தப் பத்திரிகையில் கட்டைவிரல் கீழே என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்திருந்தால், அவர் அதை அழுத்திவிட்டுப் போயிருப்பார், நமக்கு அந்த யானை கிடைத்திருக்காது. எந்த நகர்வு என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் உங்கள் பக்கத்தில் திறக்க வேண்டும் என்பேன்.


இரண்டாவது வரி:

பழைய பத்தி ஐயா சொன்னது மனதைத் தொட்டது. இன்றைக்கு அதே நிலையை இன்ஜினில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் யானையைச் சொல்லும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இருக்கட்டும், வகுப்பு சாருக்கு வேண்டியது வேறு என்று இப்போது புரிகிறது.


சனிக்கிழமை வகுப்பு:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் இன்ஜினில் போட்டேன். நான் செய்த எழுபத்தைந்தில் பதினோரு புதிர்களுக்கு இரண்டு விடை. பதினொன்று! எல்லாவற்றையும் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். முப்பத்தேழாவதில் வெள்ளை ராணியை ஏ4-லிருந்து எடுத்து இ2-வில், யானைக்கு முன்னால் வைத்தேன். இப்போது யானை முதலில் போக முடியாது, ராணி இ8-க்குப் போய்ப் பலி கொடுத்தால்தான் மேட். இன்ஜினும் ஒரே மேட் என்றது.

நேற்று வகுப்பில் மூன்று பேர் அதைத் தவறாகப் போட்டதாக வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில்: "ராணி சும்மா கிடந்துச்சு சார், எடுத்துட்டேன்." பார்த்தால் உண்மைதான். கறுப்பு ராணி பி2-வில் நிற்கிறது, என் ராணி இ2-வுக்கு வந்ததும் அதே வரிசையில் நேருக்கு நேர், காவல் எதுவும் இல்லை. எடுத்தால் ஒரு முழு ராணி லாபம். நிஜ ஆட்டத்தில் அதை எடுத்த பிள்ளையை நான் திட்டுவேனா? ஆனால் பக்கம் திட்டியிருக்கிறது. இது தவறா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.


கறுப்புக் குதிரை:

தவறு இல்லை சார். எனக்கு இதில் நெடுநாள் கோபம் உண்டு. ஒரு தளத்தில் எதிராளியின் ராணியை எடுத்தேன், ஜெயித்த ஆட்டம், ஆனால் ஆறு நகர்வில் மேட் இருந்ததாம், ரேட்டிங்கில் கழித்துவிட்டார்கள். அதைச் சொல்லி எழுதியதற்குப் பதிலே இல்லை. யானை, ராணி எல்லாம் அதிகமாக வைத்திருக்கிறவன் ஆறு நகர்வு மேட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான், கையிலிருக்கிறதை எடுத்துக்கொண்டு கடிகாரத்தை அழுத்துவான்.


இரண்டாவது வரி:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது ஆறு நகர்வு இல்லை, இரண்டு நகர்வு, பின்வரிசை மேட், ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் சிக்கிக்கொள்வது. புதிரின் தலைப்பிலேயே "இரண்டு நகர்வில் மேட்" என்று போட்டிருக்கிறது. மேட் இருக்கும்போது ராணியை எடுக்கிற பழக்கம் பிள்ளைக்கு வந்துவிட்டால் நாளைக்குப் போட்டியில் எதிராளி தப்பித்துக்கொள்வான். ராணியை எடுத்ததும் மூளை நின்றுவிடுகிறது, அதற்கு அப்புறம் பார்க்கவே பார்க்காது. அதை உடைப்பதற்குத்தான் புதிர்.


பிள்ளையின் அம்மா:

இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும், நான் செஸ் ஆடத் தெரியாத ஆள், என் பையன் ஆடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தலைப்பில் "இரண்டு நகர்வில் மேட்" என்று போட்டிருப்பதை அவன் படிப்பதே இல்லை. கண் நேராகப் போர்டுக்குத்தான் போகிறது. அப்புறம் சிவப்பு வந்ததும் முகம் சுருங்கிவிடும், காரணம் பார்க்காமல் அடுத்த புதிரைத் தட்டிவிடுவான். பிள்ளைகளுக்குக் கருத்து எழுதச் சொல்லிக் கட்டம் கொடுத்தால் எழுத மாட்டார்கள். தான் தோற்றதைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவது மாதிரி அது அவர்களுக்கு. அந்தச் சிறுமி சாரிடம் நேரில் வந்து சொன்னாளே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.


அட்டவணை:

அம்மா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். பிள்ளை எழுத மாட்டான். ஆனால் எழுதவே வேண்டாமே, அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். அவன் ஆடிய நகர்வுதான் அவன் கருத்து.

சார், இப்போது உங்கள் பக்கம் சரி, தவறு என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது இல்லையா? அதோடு எந்த நகர்வை ஆடினான் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள் உங்கள் அக்கா மகனிடம். ஒரு வரி வேலை. பிறகு ஒவ்வொரு புதிருக்கும் தவறான முதல் நகர்வுகளை எண்ணிக்கைப்படி அடுக்கிப் பாருங்கள். இருபது பிள்ளைகளே போதும். எல்லோரும் வெவ்வேறு இடத்தில் தவறினால் புதிர் அவர்களுக்கு மிஞ்சியது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நகர்வில் தவறினால் அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்த நகர்வும் சரி, உங்கள் விடைதான் குறை. இல்லையென்றால் அந்த நகர்வு தவறு, ஆனால் ஏன் தவறு என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. முதலாவது என்றால் புதிரைத் திருத்துங்கள். இரண்டாவது என்றால் புதிரைத் தொடாதீர்கள், அது தங்கம், அந்தத் தவறான நகர்வுக்கு எதிராளி என்ன ஆடுவான் என்பதை மட்டும் போர்டிலேயே ஆடிக் காட்டுங்கள். சிவப்பு எழுத்து வேண்டாம். கறுப்புக்காய் நகர்ந்து வந்து அவன் யானையை வெட்டினால் அவனுக்கே புரியும்.

முப்பத்தேழுக்கு அன்றே இந்தப் பட்டியல் இருந்திருந்தால், ராணி இ8 என்று ஒரே நகர்வு வரிசையாக நின்றிருக்கும். அந்தப் பெண் மூன்று நாள் தன்மேல் சந்தேகப்பட வேண்டியிருந்திருக்காது.


இரண்டாவது வரி:

இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்ன இன்ஜின் சோதனை, இரண்டு சரியான விடை இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கும். ராணி பி2-வில் சும்மா கிடந்தது இன்ஜினுக்கு ஒரு பொருட்டே இல்லை, மேட் என்றால் மேட். பிள்ளையின் கண் எங்கே போகும் என்பது அதற்குத் தெரியாது.

ராணியை எடுத்த பிரச்சினைக்கு நடுவழி ஒன்று உண்டு. செஸ்டெம்போ தளத்தில், நீங்கள் ஆடிய நகர்வு நல்லதுதான், ஆனால் இதைவிடச் சிறந்தது இருக்கிறது என்றால் தோல்வி போடாமல் வேறு நகர்வைத் தேடச் சொல்லும். "இதுவும் ஜெயிக்கும், இன்னும் சீக்கிரம் முடிக்கலாம், பார்" என்று ஒரு வரி போட்டால் குதிரை நண்பரின் கோபமும் அடங்கும், என் கவலையும் தீரும். அங்கே ஒவ்வொரு புதிருக்கும் கீழே ஆட்டக்காரர்கள் வாக்குவாதம் செய்து எழுதியிருப்பதைப் படிப்பதே பாதிப் பாடம்.


முடிவாட்டம்:

தாமதமாக வருகிறேன், ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஓட்டு எண்ணிக்கையை வைத்துப் புதிரைத் தூக்காதீர்கள் சார், தயவுசெய்து. ஓட்டுக் காட்டுவது தரத்தை விட ருசியை. ராணியைப் பலி கொடுத்து மேட் என்றால் எல்லோரும் மேல்விரல். ஒரு ராஜாவை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தி டிரா எடுக்கிற புதிர், எதிராளியின் மிரட்டலைப் பார்த்து ஒரு சிப்பாயை அமைதியாகத் தள்ளுகிற புதிர், இவற்றுக்கு ஓட்டு விழாது. முடிவில் கைதட்டும் இடம் ஒன்றும் இல்லையே. ஆனால் போட்டியில் புள்ளி போவது அங்கேதான். லீசெஸில் தற்காப்பு நகர்வு, அமைதியான நகர்வு, சமநிலை என்றெல்லாம் தனிக் கருப்பொருள்கள் வைத்திருக்கிறார்கள், தேடிப்போய் அவற்றைப் போடுங்கள். ஓட்டை மட்டும் நம்பினால் இரண்டு வருடத்தில் உங்கள் பக்கம் முழுக்க ராணிப் பலியாக இருக்கும், உங்கள் பிள்ளைகள் எல்லா நிலையிலும் ராணியைத் தூக்கி எறிவார்கள்.

கருப்பொருள் பெயரைப் புதிர் போடும்போது காட்டவும் வேண்டாம். "பின்வரிசை மேட்" என்று மேலே எழுதிவிட்டால் பாதி விடை போச்சு. முடித்த பிறகு காட்டுங்கள், அப்போதுதான் பெயர் மனதில் ஒட்டும்.


கறுப்புக் குதிரை:

ரேட்டிங் விஷயத்தை யாரும் தொடவில்லை. புதிருக்கு ரேட்டிங் கொடுப்பதும் ஒரு வகைக் கருத்துக் கேட்பதுதானே, யாரையும் வாய் திறந்து கேட்காமலே? நீங்கள் புதிரோடு ஒரு ஆட்டம் ஆடுகிற மாதிரிக் கணக்கு. நீங்கள் முடித்தால் உங்களுக்கு ஏறும், புதிருக்கு இறங்கும். தோற்றால் புதிருக்கு ஏறும். சார் பக்கத்திலும் இதைப் போடலாமே.


அட்டவணை:

இருபது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். லீசெஸ் ரேட்டிங் போடப் பயன்படுத்துகிற கிளிக்கோ-2 கணக்கில் ரேட்டிங்கோடு கூடவே இன்னொரு எண் வரும், இந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. நிறைய ஆட்டம் நடந்தால்தான் அந்தத் தடுமாற்றம் குறையும். உங்கள் பக்கத்தில் ஒரு புதிரை அதிகம் போனால் இருபது தடவை ஆடுவார்கள், அதிலும் பாதி, பக்கத்துப் பையன் விடை சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். லீசெஸ் புதிர்களுக்கு ஏற்கெனவே வந்த ரேட்டிங்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதற்குச் சுலபம், நடுத்தரம், கடினம் போதும்.

எடுக்கும்போது இன்னொன்று பாருங்கள். பிடித்தம் 95 என்று இருக்கும், ஆனால் ஆடியவர்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். அதைவிட, ஆயிரக்கணக்கானோர் ஆடி 85 வாங்கின புதிரை நம்பலாம்.


பிள்ளையின் அம்மா:

பக்கத்துப் பையன் விடை சொல்வது பற்றிச் சொன்னீர்கள். என் வீட்டில் விடை சொல்வது அவன் தாத்தா. அவரும் ஆடுகிறார், அதனால் நகர்வுப் பட்டியலில் அவருடைய தவறும் கலந்துவிடும் சார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதெல்லாம் தாத்தாவுடையது.


சனிக்கிழமை வகுப்பு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, செய்ததைச் சொல்கிறேன்.

கட்டைவிரல்களை எடுத்துவிட்டேன். அக்கா மகன் நகர்வுகளை எழுதி வைக்கச் செய்துவிட்டான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் எனக்கு ஒரு பட்டியல் வருகிறது: எந்தப் புதிர், எந்தத் தவறான நகர்வு, எத்தனை பேர். தாத்தாவுக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுத்துவிட்டோம், அம்மா. "தவறு" என்ற சிவப்பு எழுத்து போய்விட்டது, அதற்குப் பதில் எதிராளியின் காய் நகர்ந்து பதில் ஆடுகிறது, கீழே "திரும்ப வை" என்று ஒரு பொத்தான். பிள்ளைகள் இப்போது உடனே அடுத்த புதிருக்கு ஓடுவதில்லை. அந்தப் பதில் நகர்வைப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடி போர்டையே பார்க்கிறார்கள். எனக்கு இதைப் பார்ப்பதே போதும்.

முதல் பட்டியலில் ஒரு புதிரில் ஒன்பது பேர் ஒரே தவறான நகர்வை ஆடியிருந்தார்கள். சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி ராணி எடுக்கிறார்கள், ஸ்டேல்மேட். பழைய நானாக இருந்திருந்தால், கடினம் என்று தூக்கியிருப்பேன். இப்போது அதை அப்படியே விட்டேன், சனிக்கிழமை முழு வகுப்பையும் அதிலேயே நடத்தினேன், கடைசியில் பழைய பத்தி ஐயா சொன்ன நான்கு காய் நிலையை அடுக்கினேன். சி8-ல் யானை எடுக்கலாம் என்று ஒரு பையன் கத்தினபோது அறையே எழுந்து நின்றது.

முப்பத்தேழாவதைக் கடைசியாக இப்படி வைத்தேன்: வெள்ளை ராணி இ2, யானை இ1, கறுப்பு ராணி ஏ5. இப்போது சும்மா கிடக்கிற ராணி இல்லை, மேட் ஒன்றுதான், ராணி இ8. பி5-க்கு என் ராணியைக் கொண்டுபோய் மிரட்டலாம் என்று இரண்டு பேர் ஆடினார்கள், கறுப்பு ராணி இறங்கி வந்து இ1-ல் யானையை வெட்டிச் செக் கொடுத்தது, இரண்டு பேருக்கும் அங்கேயே புரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன், உன்னால்தான் இதைத் திருத்தினேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்பு ராணியை எடுத்து ஏ3-ல் வைத்தாள். "இங்கே இருந்தா மேட் வராது சார்." போட்டுப் பார்த்தேன். ராணி இ8, யானை வெட்டும், யானை வெட்டிச் செக், கறுப்பு ராணி ஏ3-லிருந்து குறுக்காக ஓடி வந்து எஃப்8-ல் நிற்கும். யானை ராணியை வெட்ட, ராஜா யானையை வெட்ட, இரண்டு பக்கமும் ராஜாவும் மூன்று சிப்பாயும் மட்டும் மிச்சம். ஒரே ஒரு காய் இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறது, மேட் போச்சு.

அதை முப்பத்தெட்டாவதாகச் சேர்த்திருக்கிறேன், முப்பத்தேழுக்கு அடுத்தாற்போல். கேள்வி: "இங்கே ராணியைப் பலி கொடுக்கலாமா, கூடாதா?" இதுவரை ஆடிய பதினான்கு பேரில் பத்துப் பேர் பலி கொடுத்திருக்கிறார்கள்.